லயத்துப் பெட்டியில கிடக்குற கசட், வீடியோ, ஃபிலிம்: காப்பாத்துறதுக்கு முழுமையான வழிகாட்டி

கசட்டுல இருக்கிற டேப் கெட்டுப் போறதுக்கு முன்னாடியே ரெண்டு விஷயம் நம்ம கையை விட்டுப் போயிடுது. ஒண்ணு அதை ஓட்டுற மெஷின், இன்னொண்ணு அதுல பேசுறது யாரு, எந்தத் தோட்டம், எந்த வருஷம்னு சொல்லத் தெரிஞ்ச பெரியவங்க. வீஎச்எஸ் (பெரிய வீடியோ கசட்) டெக் செஞ்சுக்கிட்டிருந்த கடைசிக் கம்பனியான ஜப்பான் ஃபுனாய் 2016 ஜூலையோட நிப்பாட்டிருச்சு. 2019ல யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களோட சர்வதேச சங்கமான ஐஏஎஸ்ஏவும் சேர்ந்து காந்த நாடாக்களுக்குன்னே ஒரு எச்சரிக்கைத் திட்டம் தொடங்கி, 2025 அளவுல வழமையான முறையில இதுகளை ஓட்டிக் கொப்பி எடுக்க முடியாமப் போயிரும்னு சொன்னாங்க. அந்த வருஷமும் வந்துருச்சு.

அதனால நான் கீழ சொல்ற எல்லாத்துக்கும் அடியில இருக்கிற கணக்கு இதுதான்: டேப் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், மெஷினும் ஆளும் தாங்கறது சந்தேகம், வேலையோட வரிசையை அதைப் பாத்துத்தான் போடணும்.

லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, வாழ்ந்த மலையகச் சனம் நம்ம கிட்ட அப்படி என்ன இருக்குன்னு கேக்குறவங்க இருக்காங்க. நிறைய இருக்கு. மாசி மாசம் ராத்திரி பூரா நடந்த காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, சாவு வீட்டு ஒப்பாரி, தோட்டத்துக் கோயில் திருவிழா, தொழிற்சங்கக் கூட்டத்துப் பேச்சு, மிடில் ஈஸ்ட்டுக்கு வேலைக்குப் போன அம்மாமாரு புள்ளைங்களுக்குக் குரல் பதிஞ்சு அனுப்புன கசட், 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்கப்புறம் இந்தியாவுக்குப் போன சொந்தக்காரங்க அங்கேருந்து பேசி அனுப்புனது, கல்யாண வீடியோ, சடங்கு வீடியோ. நம்ம சனத்தைப் பத்தி எழுத்துல இருக்கிறதுல பெரும்பகுதி தோட்டத்து ஒபீஸும் அரசாங்கமும் எழுதுனது, நம்ம ஆளுங்க அவங்க வாயாலயே பேசுனது இந்தக் கசட்டுகள்லதான் இருக்கு. சி. வி. வேலுப்பிள்ளை மாதிரி ஆளுங்க கேட்டு எழுதி வச்சதாலதான் பல பாட்டோட வரியாவது மிஞ்சுச்சு. ஆனா வரி மட்டும்தான், ஒப்பாரியில அந்த இழுப்பையும் மூச்சையும் பேப்பர்ல எப்படி எழுதுறது?

முதல்ல எதை எடுக்கிறது

பெட்டியைப் பாத்த உடனே மேல கிடக்குறதுல இருந்து வரிசையா ஆரம்பிக்காதீங்க. எல்லாத்தையும் வெளிய எடுத்து ஒரு துணி விரிச்சுப் பரப்பி வச்சுட்டு, வேற எங்கயும் கிடைக்காதது எது, அதுல இருக்கிற ஆளுங்களை அடையாளம் சொல்லக்கூடியவங்க இப்ப எந்த நிலைமையில இருக்காங்கன்னு இந்த ரெண்டு கேள்வியை வச்சுப் பிரிங்க. கடையில வாங்குன சினிமாப் பாட்டுக் கசட் கடைசி. அது எங்கயாவது இருக்கும். எண்பத்தஞ்சு வயசு அம்மாயி சின்ன வயசுல பாடுனது இருந்தா அதுதான் முதல், அந்தக் கசட்டு எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி, ஏன்னா அவசரம் கசட்டுக்கு இல்ல.

ஒரு விஷயம் கவனிங்க. ரேடியோவுல இருந்து பிடிச்ச சினிமாப் பாட்டுன்னு மேல எழுதியிருந்தா ஒதுக்கிறாதீங்க, ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஓட்டிப் பாக்கணும், நிறைய வீட்டுல பாட்டு முடிஞ்ச மிச்ச டேப்புலதான் தாத்தாவைப் பேச வச்சு பதிஞ்சிருப்பாங்க, இல்லாட்டி புள்ளைங்க கத்துறது, அம்மா பின்னால கூப்புடுறதுன்னு ஏதாவது கிடக்கும்.

பிரிச்சதும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுத்து ஒரு நோட்டுக் கொப்பியில எழுதுங்க. பென்சில்லதான் எழுதணும், ஈரம் பட்டா பேனா மை ஓடும். மேல லேபிள்ல என்ன எழுதியிருக்கோ அதைத் தப்போட அப்படியே எழுதுங்க, திருத்தாதீங்க. கசட் கவருக்குள்ள துண்டுக் காயிதம் இருந்தா அதையும் போன்ல போட்டோ எடுத்துருங்க. அதோட கசட் மேல் விளிம்புல இருக்கிற ரெண்டு சின்னத் தகட்டையும், வீடியோ டேப் முதுகுல இருக்கிற ஒத்தைத் தகட்டையும் இப்பவே உடைச்சு விட்டுருங்க. அப்பதான் தவறி ரெக்கோர்ட் பட்டன் அமுங்குனாலும் பழசு அழியாது.

நம்ம ஊர் ஈரமும் பூஞ்சணமும்

டேப்புக்கும் ஃபிலிமுக்கும் குளிர் நல்லது. வெளிநாட்டுக் காப்பகங்கள்ல பெரிய செலவு பண்ணி ரூமைக் குளிரா வச்சிருக்காங்க, நமக்கு அது சும்மா கிடைக்குது, நுவரெலியா 1868 மீட்டர் உயரம், வருஷம் பூரா சராசரியா 16 பாகை செல்சியஸ் அளவுதான். பிரச்சினை ஈரம். காத்துல ஈரப்பதம் 65, 70 வீதத்துக்கு மேல தொடர்ந்து நின்னா பூஞ்சணம் பிடிக்கும், நம்ம பக்கம் மே மாசம் தொடங்குற தென்மேல் பருவத்துல அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கமெல்லாம் துணியே காயாது, பெட்டிக்குள்ள கசட் மட்டும் எப்படிக் காஞ்சிருக்கும்.

அதுக்குன்னு அடுப்புக்கு மேல பரண்ல வைக்கிறது ரொம்பத் தப்பு. காஞ்சிருக்கும்னு நினைச்சுத்தான் பெரியவங்க வச்சாங்க, ஆனா விறகுப் புகை டேப்புல படிஞ்சு ஒட்டுது, பகல்ல சூடு ராத்திரி குளிர்னு மாறி மாறி வர்றதுல டேப் இழுபட்டுச் சுருங்குது. வெயில்ல காய வைக்கிறதும் வேணாம். சிலி சிலி பேக்குல (மெல்லிசு பொலித்தீன் பை) இறுக்கிக் கட்டி வச்சா உள்ள இருக்கிற ஈரம் உள்ளயே நிக்கும்.

சரியான வழி ரொம்ப சிம்பிள்தான். இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, அதுக்குள்ள சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டுற சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒண்ணு. 30ல இருந்து 50 வீதத்துக்குள்ள நின்னா போதும். நிறம் மாறுற சிலிக்கா ஜெல் வாங்குங்க, நிறம் மாறுனதும் அவன் (oven) அடுப்புல 100, 120 பாகையில சூடு காட்டுனா திரும்பவும் வேலை செய்யும். நீல நிற ஜெல்லுல கோபால்ட் இருக்கு, அதனால ஒரேஞ்ச் நிறத்தது கிடைச்சா அதையே எடுங்க, சமையல் சாமானோட கலக்காதீங்க. கசட்டைப் படுக்க வைக்காம புத்தகம் மாதிரி நிமித்தி, ஒரு பக்கம் முழுசா சுத்துன நிலையில அடுக்குங்க. ஸ்பீக்கர், அம்ப்ளிஃபையர் பக்கத்துல வேணாம், அதுல காந்தம் இருக்கு. தரையிலயும் வேணாம், மழைத் தண்ணி முதல்ல அங்கதான் வரும்.

இப்ப பூஞ்சணம் பிடிச்சதுக்கு வருவோம். கசட் ஜன்னல் வழியா, இல்ல வீடியோ டேப் மேல இருக்கிற கண்ணாடி வழியா டோர்ச் அடிச்சுப் பாருங்க, சுருள் மேல வெள்ளையாவோ சாம்பல் நிறமாவோ தூள் மாதிரி, நூல் மாதிரி இருந்தா அதை எந்த மெஷின்லயும் போடாதீங்க. போட்டா ஹெட்ல (டேப்பைத் தொட்டுப் படிக்கிற பாகம்) ஒட்டி அடுத்து போடுற நல்ல டேப்புக்கெல்லாம் பரவும், டேப்பும் பிஞ்சு போகலாம். அதைத் தனியாப் பிரிச்சு வேற டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட ரெண்டு மூணு வாரம் விடுங்க. உயிரோட இருக்கிற பூஞ்சணம் துடைச்சா ஈசிக்கிட்டு வழுக்கும், காஞ்சதுக்கப்புறம் தூளா உதிரும், உதிர்ற நிலைமைக்கு வந்தாத்தான் சுத்தம் பண்ணலாம். வெளிய இஸ்தோப்புல, காத்தோட்டத்துல, என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கிட்டு மென்மையான தூரிகையால தட்டி எடுங்க. வீசிங் இருக்கிறவங்களும் சின்னப் புள்ளைங்களும் பக்கத்துல வேணாம். விலையில்லாத பதிவு ஒண்ணு மோசமா பூஞ்சணம் பிடிச்சுக் கிடந்தா, என் அபிப்பிராயம், நீங்க கை வைக்காம காய வச்சுப் பத்திரப்படுத்திட்டு தெரிஞ்ச ஆள் கிட்டக் குடுங்க.

மெஷின் தேடுறது

கசட் செட், டெக் எல்லாம் பழைய சாமான் கடையிலயும் டவுன் ரேடியோ ரிப்பெயார் கடையிலயும் இன்னும் கிடைக்குது. வாங்கும்போது ஒரு உதவாத கசட்டைக் கொண்டு போய் ஓட்டிப் பாருங்க, பிளே, ரிவைண்ட், ஃபோர்வட் மூணும் வேலை செய்யணும், குரல் ஆடாம நேரா வரணும். ஆடுனா பெல்ட் தளர்ந்திருக்கும், பெல்ட் மாத்தித் தரச் சொல்லுங்க, அது சின்ன வேலை. இந்த வேலை தெரிஞ்ச ரிப்பெயார் அண்ணன்மாரும் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க, ஊர்ல ஒருத்தர் இருந்தா அவரை இந்த வேலையில கூட்டுச் சேத்துக்குங்க, சும்மா கூலிக்கு மட்டும் கூப்புடாம.

கசட்டை நேரா எம்பி3 ஆக்கித் தரும்னு ஒன்லைன்ல விக்கிற மலிவு யுஎஸ்பி பிளேயரை நான் வேணாம்னுதான் சொல்வேன். மோட்டார் நிலையா ஓடாது, ஹெட் தரமில்ல, எம்பி3 தவிர வேற தராது. அந்தக் காசுக்கு லைன் அவுட் (சத்தத்தை வயர்ல வெளிய எடுக்கிற ஓட்டை) இருக்கிற பழைய நல்ல டெக் ஒண்ணு வாங்கி சர்வீஸ் பண்ணுங்க.

கசட்டைக் கொப்பி எடுக்கிறது

டெக்கைச் சுத்தம் பண்றதுல இருந்து தொடங்குங்க. ஹெட்டையும் உருக்குக் குச்சி மாதிரி சுத்துற கெப்ஸ்டனையும் 99 வீத ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட காது குடையிற பஞ்சால துடைக்கணும், பஞ்சுல காப்பி நிறம் வராம நிக்கிற வரைக்கும். பாமசியில விக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்ல வேற சாமானும் கலந்திருக்கும், அது வேணாம். ரப்பர் உருளைக்கு அல்கஹோல் அடிக்கடி போட்டா ரப்பர் காஞ்சு வெடிக்கும், ஈரத் துணியால துடைச்சுக் காய விடுங்க. ஒவ்வொரு ரெண்டு மூணு கசட்டுக்கும் இதைத் திரும்பச் செய்யணும்.

குளிர் ரூம்ல இருந்து எடுத்த கசட்டை உடனே சூடான ரூம்ல போட்டு ஓட்டாதீங்க, பனி பிடிக்கும். ஓட்டப்போற சூடான ரூம்லயே மூடியபடி சில மணித்தியாலம் விட்டுட்டு ஓட்டுங்க. பூஞ்சணம் இல்லாத கசட்டை முதல்ல ஒரு தடவை கடைசி வரைக்கும் ஃபோர்வட் பண்ணி திரும்ப ரிவைண்ட் பண்ணுங்க, வருஷக்கணக்கா ஒரே இறுக்கத்துல கிடந்த சுருள் சீராகும். சி90, சி120 (90, 120 நிமிஷம் ஓடுற) கசட்டுல டேப் ரொம்ப மெல்லிசு, சி120ல மைக்ரோன் கணக்குல 9 அளவுதான், அதை ஸ்பீடா சுத்தாதீங்க, நடுவுல நிப்பாட்டி நிப்பாட்டி விளையாடவும் வேணாம்.

அறுந்திருந்தா செலோடேப் ஒட்டக் கூடாது, பசை கசிஞ்சு அடுத்த சுத்துல ஒட்டிக்கும், கசட்டுக்குன்னே 3.81 மில்லிமீட்டர் அகல ஒட்டு டேப் இருக்கு. உள்ள அமுக்குற சின்னப் பஞ்சு விழுந்திருந்தாலோ கூடு உடைஞ்சிருந்தாலோ ஸ்க்ரூ போட்ட வேற கசட்டுக் கூட்டுக்குள்ள டேப்பை மாத்திரலாம், இதை உதவாத கசட் ஒண்ணுல பழகிட்டு அப்புறம் நல்லதுல செய்யுங்க.

இப்ப முக்கியமான வேலை. ஹெட் டேப்புக்கு நேரா நிக்கிற கோணத்தை அசிமத்னு சொல்வாங்க. வீட்டுல பதிஞ்ச கசட் ஒவ்வொண்ணும் வேற வேற செட்ல பதிஞ்சது, அந்தச் செட்டோட ஹெட் எப்படிச் சாஞ்சிருந்துச்சோ அப்படித்தான் சத்தம் டேப்புல விழுந்திருக்கும், உங்க டெக் வேற கோணத்துல நின்னா குரல் கம்பளிக்குள்ள இருந்து பேசுற மாதிரி மந்தமா கேக்கும். ஹெட் பக்கத்துல ஸ்ப்ரிங் போட்ட ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், முதல்ல அது நிக்கிற இடத்தை மார்க் பண்ணி வச்சுட்டு, கசட் ஓடும்போதே மெல்ல அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பி, 'ஸ்', 'ச' சத்தமும் சலங்கைச் சத்தமும் எங்க ரொம்பத் தெளிவா வருதோ அங்க நிப்பாட்டுங்க. ஒவ்வொரு கசட்டுக்கும் இதைச் செய்யணும். அலுப்பான வேலைதான், ஆனா ஒரு சாப்ட்வேரும் பிறகு செய்ய முடியாததை இந்த ஸ்க்ரூ செய்யுது, இதைச் செய்யாம எடுத்த கொப்பியைக் கேட்டுட்டு கசட் கெட்டுப் போச்சுன்னு எத்தனையோ பேர் கை விட்டிருக்காங்க.

டெக்ல லைன் அவுட்ல இருந்து யுஎஸ்பி ஒடியோ இன்டர்ஃபேஸ் (சத்தத்தை டிஜிட்டலா மாத்தி லெப்டொப்புக்குக் குடுக்கிற சின்னப் பெட்டி) ஒண்ணோட லைன் இன்னுக்கு வயர் குடுங்க. லெப்டொப் மைக் ஓட்டைக்குள்ள குத்தக் கூடாது, ஸ்பீக்கர் முன்னால போனை வச்சுப் பிடிக்கிறதும் கூடாது. ஓடேசிட்டிங்கிற சாப்ட்வேர் இலவசம், அதுவே போதும். 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல், இதுதான் காப்பகங்கள் பலதும் பாவிக்கிறது, லெப்டொப் இழுக்காட்டியும் ஐஏஎஸ்ஏ சொல்ற குறைஞ்ச அளவான 48 கிலோஹேர்ட்ஸ் 24 பிட்டுக்குக் கீழ போகாதீங்க. 96ல ஸ்டீரியோவா எடுத்தா ஒரு மணித்தியாலத்துக்கு 2 ஜிபி அளவு வரும். சத்தம் உச்சத்துக்குப் போகும்போதும் மைனஸ் 6 டெசிபல் தாண்டாம லெவல் வைங்க, தப்பு மேளம் அடிக்கிற கசட்டா இருந்தா இன்னும் கொஞ்சம் குறைச்சே வைங்க, ஏன்னா முதல்ல பேச்சு வரும், லெவல் கூட்டத் தோணும், திடீர்னு தப்பு விழும்போது எல்லாம் உடைஞ்சிரும். விண்டோஸ்ல ஒடியோ என்ஹான்ஸ்மென்ட், தானா சத்தம் கூட்டிக் குறைக்கிறது எல்லாத்தையும் ஓஃப் பண்ணிருங்க. கசட் மேல 'டொல்பி பி'ன்னு (இரைச்சல் குறைக்கிற முறை) எழுதியிருந்தா மட்டும் டெக்ல டொல்பி ஓன்.

எடுத்த மாஸ்டர்ல (கை வைக்காத முதல் ஃபைல்ல) இரைச்சல் குறைக்கிறது, வெட்டுறது, அழகு பண்றது எதுவும் வேணாம். கூத்துக் கசட்டுல தப்பு ஒரு அடி விழுந்ததும் பாடுறவர் குரல் அமுங்கி அப்புறம் மெல்ல மேல வரும், அது பதிஞ்ச செட்டோட தானியங்கி லெவல் செய்ற வேலை. அதையும் அப்படியே விடுங்க. பின்னால மழை தகரத்துல விழுற சத்தம், நாய், இருமல், இதெல்லாம் இரைச்சல் இல்ல, அந்த ராத்திரியோட அடையாளம். கேக்குறதுக்கு வசதியா வேணும்னா மாஸ்டர்ல இருந்து இன்னொரு கொப்பி எடுத்து அதுல என்ன வேணும்னாலும் பண்ணுங்க.

கரண்ட் போறது நம்ம பக்கம் புதுசில்ல. லெப்டொப்ல பெட்டரி இருக்கு, டெக்ல இல்ல, டேப் ஹெட்ல அமுங்கிக்கிட்டு நிக்கும், திரும்பி வந்ததும் உடனே எடுத்து கையால சரி பண்ணுங்க. ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேரம் இடி மின்னல் வரும் நேரத்துல இந்த வேலையே வேணாம், பிளக்கைக் கழட்டி வைங்க.

வீடியோ டேப்

ஒடியோவுக்குச் சொன்ன சுத்தமும் பனிக் கணக்கும் இதுக்கும் பொருந்தும், ஆனா வீஎச்எஸ் டெக்குக்குள்ள ஸ்பீடா சுத்துற ட்ரம்ல இருக்கிற ஹெட் ரொம்ப மென்மை, பஞ்சு குத்தித் துடைச்சா உடையும், பழக்கமில்லாட்டி ரிப்பெயார் ஆளையே துடைக்கச் சொல்லுங்க. டேப்போட பக்கவாட்டுப் பட்டனை அமுக்கி முன் மூடியைத் தூக்கி நாடா மடிஞ்சிருக்கா, ஓரம் நசுங்கியிருக்கான்னு பாத்துட்டுத்தான் போடணும்.

நம்ம நாட்டுல பால் (PAL) ங்கிற டிவி முறை, 625 வரி, செக்கனுக்கு 25 படம். கெப்சர் பண்ற சாப்ட்வேர்லயும் பால்னே வைங்க, 720க்கு 576. படம் கறுப்பு வெள்ளையா வந்தா, இல்ல உருண்டுக்கிட்டே இருந்தா டேப் கெட்டுப் போகல, வெளிநாட்டுல வேற முறையில பதிஞ்சதா இருக்கலாம், பல முறையும் ஓட்டுற டெக் தேடணும். இன்டர்லேஸ் படத்தை (ஒரு வரி விட்டு ஒரு வரியா ரெண்டு தடவையில பதிஞ்சது) மாஸ்டர்ல மாத்தாதீங்க, அசையும்போது ஓரத்துல சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும், அது அப்படித்தான் இருக்கணும். மலிவு யுஎஸ்பி கெப்சர் வயர்ல படமும் சத்தமும் போகப் போக விலகிரும், படத்தோட நேர ஓட்டத்தைச் சீராக்குற டைம் பேஸ் கரெக்டர் வசதி உள்ள நல்ல டெக் கிடைச்சா அந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும்.

மாஸ்டருக்கு எஃப்எஃப்வி1 முறையில எம்கேவி ஃபைல், இது தரம் குறையாம சுருக்குறது, இலவசம், உலகக் காப்பகங்கள் பலதும் பாவிக்கிறாங்க. ஒரு மணித்தியாலத்துக்கு 30 ஜிபியைச் சுத்தி வரும், அதனால ஹார்ட் டிஸ்க் கணக்கு முன்னாடியே பாத்துக்குங்க. அவ்வளவு இடம் இல்லாட்டி கல்யாண வீடியோவை உயர் பிட் ரேட் எச்264ல எடுத்தாலும் சரி, எடுக்காம விடுறதை விட அது எவ்வளவோ மேல். மினிடீவி (MiniDV, சின்ன டிஜிட்டல் கெமரா டேப்) இருந்தா ஃபயர்வயர் போர்ட் வழியா எடுங்க, மஞ்சள் வயர்ல இல்ல. அதுல ஏற்கனவே டிஜிட்டலாத்தான் இருக்கு, அப்படியே வரும், மணித்தியாலத்துக்கு 13 ஜிபி.

ஃபிலிம் சுருள்

நம்ம வீடுகள்ல இது குறைவு. பழைய தோட்டத்து பங்களா, சர்ச், பாடசாலை அலுமாரியில 8 மில்லிமீட்டர், 16 மில்லிமீட்டர் சுருள் கிடக்கலாம். டப்பாவைத் திறந்ததும் வினாகிரி வாசம் அடிச்சா அசிட்டேட் ஃபிலிம் சிதைய ஆரம்பிச்சிருச்சு, அந்த ஆவி அதையும் தின்னும், பக்கத்துல இருக்கிற நல்லதையும் தின்னும், உடனே தனியா, காத்தோட்டமா, குளிரா வைங்க. புரொஜெக்டர்ல போட்டுப் பாக்குற ஆசையை விட்டுருங்க, சுருங்குன ஃபிலிமைப் பல் கிழிச்சிரும். ஃபிரேம் ஃபிரேமா ஸ்கேன் பண்ணத்தான் வேணும், அது வீட்டு வேலை இல்ல. 35 மில்லிமீட்டர்ல 1950களுக்கு முந்தினது கிடைச்சா அது நைட்ரேட்டா இருக்கலாம், தீப்பிடிச்சா தண்ணிக்குள்ளயும் எரியும், நெருப்பு இல்லாத இடத்துல வச்சுட்டுக் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களம் மாதிரி இடத்துல விசாரிங்க.

சீடி, வீசீடி, பழைய போன்

இதுதான் ஆளுங்க பத்திரம்னு நினைச்சுக்கிட்டிருக்கிற ஆபத்து. 2000க்குப் பிறகு நடந்த கல்யாணமெல்லாம் வீசீடியிலதான், வீட்டுல எரிச்ச சீடியில இருக்கிற சாயம் வெளிச்சத்துலயும் ஈரத்துலயும் மங்கிக்கிட்டே வருது, கசட்டாவது கீறினாலும் மிச்சத்தைப் பாடும், சீடி ஒரு நாள் ஒரேயடியா ஓடாது. இன்னைக்கே லெப்டொப்ல போட்டு முழு டிஸ்க்கையும் ஒரு இமேஜ் ஃபைலா (டிஸ்க்கோட அச்சுப் பிசகாத முழுக் கொப்பி) எடுங்க, வீசீடின்னா உள்ள இருக்கிற .dat ஃபைல்களையும் அப்படியே கொப்பி பண்ணுங்க.

2023ல மலையகத்துக்கு நம்ம ஆளுங்க வந்து 200 வருஷம்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்த நடைபயணத்தை எத்தனை பேர் போன்ல பிடிச்சாங்க, அதுல எத்தனை இப்ப ஒரிஜினலா இருக்கும்? வட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புனா வீடியோ சுருங்கிரும், டொக்கியூமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, இல்லாட்டி வயர் போட்டு போன்ல இருந்து நேரா எடுங்க.

கூட உக்காந்து கேக்குறது

கொப்பி எடுத்து முடிச்சுட்டு சாவகாசமா அடையாளம் கேக்கலாம்னு விடாதீங்க, கசட் ஓடும்போதே பெரியவங்களைப் பக்கத்துல உக்கார வைங்க. டெக்கிலருந்து வயர் லெப்டொப்புக்குப் போகுது, அதனால ரூம்ல நம்ம பேசுறது மாஸ்டர்ல விழாது. போனைத் தனியா ரெக்கோடிங்ல போட்டு மேசை மேல வைங்க, அவங்க சொல்றது பூரா அதுல விழட்டும். ரெண்டையும் ஒரே நேரத்துல தொடங்கினா எந்த நிமிஷத்துல என்ன சொன்னாங்கன்னு பிறகு பொருத்திப் பாக்கலாம்.

கேள்வியைச் சின்னதா வைங்க. "அம்மாயி, இப்ப பேசுனது யாரு?" "இதா, இது மேட்டு லயத்து பெரியப்பாடா, கூத்துல ரதி வேசம் கட்டுவாரு." "எந்த வருஷம்னு ஞாபகம் இருக்கா?" "வருஷம் என்னத்தைக் கண்டேன், ஒங்கம்மா அப்பக் கைப்புள்ள." அது போதும். அம்மா பொறந்த வருஷத்தை வச்சுக் கணக்குப் பண்ணிரலாம். வருஷம் தெரியாதுன்னு சொல்றவங்க கிட்ட யாரு கல்யாணத்துக்கு முந்தி, எந்தத் தொரை இருந்தப்ப, டிவி வந்துருச்சா இல்லையா, அந்தப் பக்கம் லயம் எரிஞ்சதுக்கு முந்தியா பிந்தியான்னு கேட்டா கரெக்டா சொல்வாங்க. ரூபவாஹினி தொடங்குனது 1982ல, அது மாதிரி நிச்சயமான ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு முன்னும் பின்னும் நகரலாம்.

தோட்டத்துப் பேரை எழுதும்போது கம்பனி வச்ச பேரு, நம்ம ஆளுங்க கூப்புடுற பேரு ரெண்டையும் எழுதுங்க, எந்த டிவிஷன், எந்த லயம்னும் எழுதுங்க. பாடுனவங்க, அடிச்சவங்க, பதிஞ்சவங்க மூணு பேரும் வேணும். பதிஞ்சவரை எல்லாரும் மறந்துர்றாங்க, செட்டைத் தூக்கிக்கிட்டு ராத்திரி பூரா முழிச்சிருந்தவரு அவருதான். தப்படிச்சவங்க பேரை விட்டுட்டு பேசுன தலைவர் பேரை மட்டும் எழுதுற பழக்கமும் நம்மகிட்ட இருக்கு, அது வேணாம், தப்பு இல்லாம அந்தக் கூத்து இல்ல.

கேக்கும்போது அழுவாங்க. செத்துப்போன மகன் குரல் திடீர்னு வரலாம். அதை முன்னாடியே நீங்க ஒரு தடவை தனியா கேட்டு வச்சிருந்தா என்ன வரப்போகுதுன்னு சொல்லி, கேக்க விருப்பமான்னு கேட்டுட்டுப் போடலாம். வேணாம்னா விட்டுருங்க, அன்னைக்கு டீ மட்டும் குடிச்சுட்டு வாங்க.

பேர், கொப்பி, வைக்கிற இடம்

ஃபைல் பேரை இங்கிலீஷ் எழுத்துல, இடைவெளி இல்லாம, நோட்டுக் கொப்பியில குடுத்த நம்பரோட வைங்க, ஏ பக்கமா பி பக்கமான்னும் போடுங்க. விவரமெல்லாம் ஃபைல் பேர்ல திணிக்காம ஒரு எக்செல் ஷீட்ல எழுதி, அதையே பிரின்ட் எடுத்தும் வைங்க. ஒவ்வொரு மாஸ்டருக்கும் ஹேஷ்னு ஒரு நீள எண் எடுக்கலாம், அதுக்கு இலவச சாப்ட்வேர் இருக்கு, ஃபைல்ல ஒரு பிட் மாறுனாலும் அந்த எண் மாறிரும், அதனால கொப்பி சரியா போச்சா, வருஷம் கழிச்சும் சரியா இருக்கான்னு நிமிஷத்துல தெரியும்.

மூணு கொப்பி, ரெண்டு வேற வகைச் சாமான்ல, ஒண்ணு வேற ஊர்ல. இது உலகம் பூரா சொல்ற விதி, நம்ம ஊருக்கு இன்னும் கூடப் பொருந்தும். லயத்துல ஒரு காம்பராவுல தீ பிடிச்சா வரிசையே போகும், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில மலை சரிஞ்சு லயங்களே மண்ணுக்குள்ள போச்சு. ரெண்டு ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே வீட்டுல வச்சா அது ஒரு கொப்பிதான். ஒண்ணு இங்க, ஒண்ணு கொழும்புல இருக்கிற தம்பி வீட்டுலயோ கண்டியில சித்தி வீட்டுலயோ, இன்னொண்ணு ஒன்லைன் கிளவுட்ல. பென் டிரைவை கொப்பின்னு கணக்கெடுக்காதீங்க, அது கொண்டு போறதுக்கு. எஸ்எஸ்டியும் கரண்ட் இல்லாம வருஷக்கணக்கா கிடந்தா மறந்துரும். சாதாரண ஹார்ட் டிஸ்க் போதும், வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டி ஹேஷ் சரி பாத்து, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புது டிஸ்க்குக்கு மாத்துங்க.

யார் கிட்டக் கேக்கணும், யாருக்குக் குடுக்கணும்

ஒப்பாரி, வீட்டுச் சண்டை, குரல் கடிதம் இதெல்லாம் அந்தக் குடும்பத்தோட சொத்து. யூடியூப்ல போடுறதுக்கு முன்னாடி குடும்பத்துல பெரியவங்க கிட்டக் கேளுங்க, அவங்க சரின்னு சொன்னதையும் பதிஞ்சு வைங்க. சில பேச்சுல சாதிப் பேர் சொல்லித் திட்டுறது வரும், மாஸ்டர்ல அதை வெட்டாதீங்க, பொதுவுல விடலாமா வேணாமான்னு சம்பந்தப்பட்டவங்களோட பேசி முடிவெடுங்க. காப்பகத்துக்குக் குடுக்கிறதும் எல்லாருக்கும் திறந்து விடுறதும் ஒண்ணில்ல, இத்தனை வருஷத்துக்குத் திறக்க வேணாம்னு எழுதிக் குடுக்கலாம்.

2005ல தொடங்குன நூலகம் நிறுவனம் எழுத்து மட்டுமில்லாம ஒலி, ஒளிப் பதிவையும் ஆவணகம்ங்கிற தளத்துல சேத்து வைக்கிறாங்க, மலையகத்து ஆவணமும் அதுல இருக்கு. கம்பளைப் பக்கம் பழைய லயத்துலயே அமைச்ச தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கு. பல்கலைக்கழகத்துல தமிழ்த் துறை, இசைத் துறைக்காரங்களையும் கேளுங்க. யாருக்குக் குடுத்தாலும் டிஜிட்டல் கொப்பியையும் விவர ஷீட்டையும் சேத்துக் குடுங்க, ஒரிஜினலைக் குடுத்தா ரசீது வாங்குங்க, எப்ப வேணும்னாலும் கேக்கலாம்னு அதுல எழுதியிருக்கணும்.

அந்தக் குடும்பத்துக்கு மாஸ்டர் வேணாம், அவங்க போன்ல ஓடுற எம்பி3யும் எம்பி4ம் தான் வேணும். கூத்துக்காரர் வீட்டுக்கும், அடையாளம் சொன்ன அம்மாயிக்கும், இந்தியாவுல இருக்கிற சொந்தக்காரங்களுக்கும் அனுப்புங்க. அனுப்புன பிறகு, "அது நான் இல்லப்பா, எங்கண்ணன்" னு ஒரு மெசேஜ் வரும், ஷீட்ல பழசை அழிக்காம பக்கத்துல திருத்தம், யார் சொன்னது, எந்தத் திகதின்னு எழுதுங்க.

எல்லாம் முடிஞ்சதுன்னு கசட்டைக் குப்பையில போட்டுறாதீங்க. நாளைக்கு இதை விட நல்ல மெஷின்ல எடுக்க வழி வரலாம், இன்னைக்கு உங்க கொப்பியில விட்டுப் போனது அதுல வரலாம். திரும்பவும் ஒரு பக்கம் முழுசா சுத்தி, டப்பாவுல போட்டு, சிலிக்கா ஜெல் நிறத்தைப் பாத்துட்டு மூடி வைங்க, அடுத்த மழைக்காலம் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பாருங்க.